பூண்டு போடாத வீட்டில் பூண்டு வாடை

என் அண்ணனை எங்கள் பகுதியில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்ற மகளே சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். அப்பா ஆரம்பித்த டிரைவிங் ஸ்கூல் அது. கீழே ஆபீஸ், மேலே வீடு. அவன் காரில் உட்காருவான், நான் ஆபீஸில் உட்காருவேன். சேர வருகிறவர்களுக்கு விவரம் சொல்வது, நேரம் ஒதுக்குவது, டெஸ்டில் தோற்று அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் என் பாடு. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை நான் பேசியே விரட்டிவிட்டேன் என்று அண்ணி சொல்வாள். பொய்யில்லை. வந்தவர்களின் லட்சணம் அப்படி.

அண்ணனுக்குப் பொறுமை அதிகம். பூமாதேவியே கடன் கேட்டு வர வேண்டிய பொறுமை. ஒரு அம்மாள் வாகன நெரிசலின் நடுவே ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாளாம். "கண்ணைத் திறந்தா ரோடு தெரியும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவனால் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் உண்டு. பயிற்சி காரில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக். அவர் மறந்தால் இவன் மிதிப்பான். இத்தனை வருஷம் மிதித்து மிதித்து அது அவன் காலிலேயே ஊறிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் எவனாவது வேகமாகப் போனால் இவன் கால் தரையை அழுத்தும்.

கூட இருந்து இருந்து எங்கள் எல்லாருக்கும் அந்தப் புத்தி தொற்றிக்கொண்டது. அண்ணி பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், பொங்கிவிடுமே என்று மகள் வந்து தீயைக் குறைப்பாள். அவள் குறைத்தது தெரியாமல் நான் போய் அணைப்பேன். எங்கள் வீட்டில் பால் ஒழுங்காகக் காய்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அவரவர் பிரேக்கை அவரவர் மிதிப்பது, அவ்வளவுதான்.

இந்தக் கதை நடந்தபோது அண்ணனுக்கு அறுபத்தொரு வயது. தலைமுடி மட்டும் இருபது வயதுப் பையனுடையது. மாஸ்டர் பக்கம் தனியாக ஒரு கண்ணாடி பொருத்தியிருப்பார்கள், பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க. அவன் அதில் முடியைத்தான் பார்ப்பான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற லைசென்ஸை அந்த வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அறுபது தாண்டியவர் என்றால் டாக்டர் பார்த்து, உடம்பு சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லை என்றால் மாஸ்டர் வேலை இல்லை. வேறு வேலை அவனுக்குத் தெரியாது. வீட்டில் சும்மா உட்காரவும் தெரியாது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் நூலகத்தின் மாடி ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. வயதானாலும் ஆரோக்கியமாக இருப்பது எப்படி என்று ஊட்டச்சத்து நிபுணர் ஒரு அம்மாள் பேச வந்திருந்தாள். டாக்டர் சோதனை வருகிறதே என்று அண்ணி அவனை இழுத்துக்கொண்டு போனாள். மகளும் நானும் பின்னாலேயே போனோம். அந்த அம்மாள் செலினியம் என்று ஒரு சத்தைப் பற்றி ஆரம்பித்தாள். உப்பு மாதிரி, இரும்புச் சத்து மாதிரி அதுவும் ஒரு தாது. தூசி அளவு இருந்தாலே போதுமாம். ஆனால் அந்தத் தூசி இல்லாவிட்டால் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாது, நோயை எதிர்க்கிற தெம்பு குறையும், உடம்பின் தேய்மானத்தைத் தாங்குகிற சக்தியும் குறையும் என்றாள். வயதாக ஆகச் சாப்பாடு சுருங்கும், அதோடு இதுவும் சுருங்கும் என்றாள்.

அண்ணனுக்கு நாலு பேர் கூடின இடத்தில் வாய் சும்மா இருக்காது. "செலினியமா? அது என்னம்மா, எஞ்சினுக்கு ஊத்துறதா?" என்று கேட்டான். ஹால் முழுவதும் சிரிப்பு. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் அது இல்லாமல்தான் வண்டி ஓடியது என்று அடுத்ததையும் எடுத்துவிட்டான்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "இல்லாம ஓடலை சார். நீங்க சாப்பிட்ட முட்டையில, மீன்ல, கோதுமையில அது இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லலை, அவ்வளவுதான்" என்றாள். இப்போது இன்னும் பெரிய சிரிப்பு. அண்ணன் அசடு வழிந்தான். அதற்கப்புறம் அவள் பிரேசில் நட் என்று ஒரு கொட்டையைக் கையில் தூக்கிக் காட்டினாள். பாக்குப் போல இல்லை, விரல் மூட்டு அளவு இருந்தது. அதில் இந்தச் சத்து அள்ளிக் கிடக்கிறதாம். அவள் அதைச் சொன்னவரைக்கும் அண்ணன் விழித்திருந்தான். அள்ளிக் கிடப்பதாலேயே தினம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், அளவு மீறினால் உடம்புக்குக் கெடுதல் என்று அவள் சொன்னபோது, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தும் வீராப்பு குறையவில்லை. கொட்டையாவது மண்ணாவது என்றான். யாராவது அந்தக் கருமத்தை என் தட்டில் வைத்தால் தட்டையே தூக்கி வெளியே வைத்துவிடுவேன் என்றான். சரி, பேச்சு அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். பாங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண், அண்ணனிடம் படிக்கிறவள், ஆபீஸுக்குள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மாஸ்டரைப் போல் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றாள். தங்கமான மனுஷன் என்றாள். இப்படிப் பீடிகை போட்டாலே பின்னால் குண்டு வருகிறது என்று எனக்குத் தெரியும். வந்தது. காருக்குள் பூண்டு வாடை தாங்கவில்லையாம். ஜன்னலை இறக்கினால் மழை அடிக்கிறதாம், ஏற்றினால் மயக்கம் வருகிறதாம். ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது, அதனாலேயே ரிவர்ஸ் வரவில்லை என்றாள்.

அவளை அடுத்து இன்னும் இரண்டு பேர் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். ஒருத்தர் சொல்லாமலேயே அடுத்த தெரு ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வயிற்றெரிச்சலோடு மேலே போய்ச் சொன்னேன். அண்ணனும் அண்ணியும் மகளும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் மதியமும் இரவும் வீட்டில் சமையல் என்னுடையது. அண்ணி தபால் ஆபீஸ் வேலைக்குப் போகிறவள், காலைச் சாப்பாடு மட்டும் அவள் பொறுப்பு. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள் சாயங்காலம் வந்து அப்பனுக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பாள். மற்றபடி அடுப்படி என் ராஜ்ஜியம்.

"கொஞ்சம் பூண்டைக் குறைச்சுக்கலாமே" என்றாள் அண்ணி, பூனை நடக்கிற மாதிரி மெதுவாக.

குறைத்தேன். வாடை போகவில்லை. ஒரேயடியாக நிறுத்தினேன். அதற்கும் போகவில்லை. வீட்டில் ஒரு பல் பூண்டு கிடையாது, அவன் வாயைத் திறந்தால் மூட்டை மூட்டையாகப் பூண்டு. நான் யாருக்கும் தெரியாமல் போடுகிறேன் என்று பேச்சு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் இந்தக் கையால் ஆக்கிப் போட்டதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், பூண்டுத் திருடி. இரண்டு நாள் நான் சமைக்கவே இல்லை. வாங்கித் தின்றார்கள். அப்போதும் வாடை வந்தது. அதை ஒருத்தரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வாடையோடு போயிருந்தால் பரவாயில்லை. அவன் தலை சாய்க்கிற சீட்டில் முடி முடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். நகம் தொட்டால் உடைந்தது, சட்டைப் பொத்தான் போடக்கூடத் திணறினான். பாடம் முடிந்து மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றுகொள்வான். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு கல்லூரிப் பையனைக் காருக்குள் வைத்துச் சத்தம் போட்டுவிட்டான். மாஸ்டர் கத்தினார் என்று அந்தப் பையனே நம்பாமல் என்னிடம் வந்து, அவருக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா அக்கா என்று கேட்டான். லைசென்ஸ் சோதனைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

டாக்டரிடம் அவனோடு நான்தான் போனேன். டாக்டர் அம்மா கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் சரி என்றார். அண்ணன் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அப்புறம் அவன் கையைப் பிடித்து நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகக் கோடு. தலையைக் குனியச் சொன்னார். கிட்டத்தில் வந்தவர் சட்டென்று பின்னால் போனார்.

"பூண்டு நிறைய சாப்பிடுவீங்களோ?"

அண்ணன் என்னைக் கை காட்டினான். கூடப் பிறந்தவன்.

வீட்டில் பூண்டே வாங்குவதில்லை என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டர் அம்மா யோசித்தார். பூண்டு தின்னாமலேயே இந்த வாடை, உடைகிற நகம், கொட்டுகிற முடி, மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு சந்தேகம் உண்டு என்றார். சத்து மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா, கொட்டை வகை ஏதாவது நிறையச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இல்லவே இல்லை என்றான். வீட்டுச் சாப்பாடுதான், தங்கச்சி சமையல்தான் என்று மறுபடியும் என் தலையிலேயே கட்டினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதே சமையலைத்தான் டாக்டர் நானும் சாப்பிடுறேன். அவன் ரத்தத்தை எடுக்கிறப்ப என் ரத்தத்தையும் எடுங்க. ரெண்டையும் வச்சுப் பாருங்க, யார் மேல தப்புன்னு தெரியட்டும்" என்று கையை நீட்டிவிட்டேன். டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை. ரத்தப் பரிசோதனை வரட்டும் என்றார்.

அடுத்த வாரம் முடிவு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அண்ணியும் மகளும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். டாக்டர் அறையில் நாற்காலி போதாமல் நானும் மகளும் நின்றோம். டாக்டர் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "உங்க ரத்தத்துல செலினியம் இருக்க வேண்டியதைவிட ரொம்ப ரொம்ப ஜாஸ்தி. இது சாதாரணச் சாப்பாட்டுல வராது. என்ன சாப்பிடுறீங்க, மறைக்காம சொல்லுங்க" என்றார்.

அண்ணி கைப்பையின் வாரைப் பார்த்தாள். மகள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதலில் அண்ணி உடைந்தாள். காலையில் அவனுக்குக் கொடுக்கிற ஓட்ஸில் அந்தக் கொட்டையைப் பொடி பண்ணிக் கலந்திருக்கிறாள். ஒன்று போதும் என்று கூட்டத்தில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அதனால் ஒன்றுதான். சிறியதாக இருந்தால் மட்டும் இரண்டு.

"அம்மா, நீயுமா?" என்றாள் மகள். அப்புறம்தான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவளுக்கு விளங்கியது. இவள் கடையில் இருந்து செலினியம் மாத்திரை கொண்டுவந்து, நுணுக்கி, சாயங்காலப் பாலில் போட்டிருக்கிறாள். டாக்டர் சீட்டு இல்லாமலா என்று டாக்டர் அம்மா கேட்ட கேள்வியிலேயே அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஏன் உன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா பதறி அப்பாவிடம் உளறிவிடுவாளாம். நீங்கள் ஏன் மகளிடம் சொல்லவில்லை அண்ணி என்று கேட்டேன். அவளுக்கு ஓட்டை வாயாம். சரி, என்னிடம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? நான் சிரிப்பேனாம்.

"ரெண்டும் சேர்ந்தாலும் இவ்வளவு வராதே" என்றார் டாக்டர் அம்மா. எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். அவன் இன்னும் மின்விசிறியை விடவில்லை.

"கார்ல கொஞ்சம் வச்சிருக்கேன்" என்றான் கடைசியில். "ஒரு பாடம் முடிஞ்சா ஒண்ணு வாய்ல போட்டுக்குவேன்."

ஒரு நாளைக்கு அவனுக்கு எத்தனை பாடம் என்று எனக்குத் தெரியும், நேரம் ஒதுக்குகிறவளே நான்தான். தினம் ஒரு கை நிறையத் தின்றிருக்கிறான். கொட்டையாவது மண்ணாவது என்று பேசியவன், தட்டைத் தூக்கி வெளியே வைப்பேன் என்றவன், டாஷ்போர்டு பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு தின்றிருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். பூண்டுத் திருடி என்று என்னைச் சொன்ன ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். டாக்டர் அம்மா முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று பேர் ஒரே பிரேக்கை மிதித்தால் வண்டி என்ன ஆகும் என்று மாஸ்டரையே கேட்டேன்.

அப்போது அண்ணி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மாமா போனப்ப அவருக்கு அறுபத்திரண்டு. இவருக்கு அடுத்த வருஷம் அந்த வயசு. தினமும் காலையில இவர் எழுந்திருக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இல்ல. யார்கிட்ட சொல்லட்டும்? சொன்னா இவர் சிரிப்பாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. தானும் அந்த வயதைத்தான் எண்ணிக்கொண்டிருந்ததாக, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே சொன்னான். அப்பா ஒரு நாள் பாடம் முடித்துவிட்டு வந்தார், வண்டிச் சாவியை மேஜையில் வைத்தார், உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதை அவன் கண்ணால் பார்த்தவன். மகள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மா எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பொடி, மாத்திரை, காரில் இருக்கிற டப்பா எல்லாம். சாதாரணமாகச் சாப்பிட்டாலே இந்தச் சத்து கிடைக்கும், முட்டை, மீன், முழுக் கோதுமை ரொட்டி, கொஞ்சம் சூரியகாந்தி விதை, அது போதும் என்றார். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல், இதில் தாராளம் காட்டக் கூடாது என்றார். இரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்து, அளவு இறங்கியிருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு மாதம் எங்கள் வீடு பட்ட பாடு சொல்லி மாளாது. லைசென்ஸ் கெடு முடிந்துவிட்டதால் அண்ணன் பாடம் எடுக்கக் கூடாது. நான் ஒவ்வொருத்தரையாகக் கூப்பிட்டுக் கெஞ்சிக் கூத்தாடிக் காத்திருக்க வைத்தேன். பாதிப் பேர் இருந்தார்கள், பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போனார்கள். அவன் மேலே உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுத்தான். அடுப்படியில் திரும்பும்போது பின்னால் பார்த்துத் திரும்பு என்பான். அண்ணி கதவைத் திறந்தால் ஓரமாக எடு என்பான். ஓடாத காரைத் தினமும் கழுவினான். அண்ணி காலையில் அவன் வாயை மோந்து பார்ப்பாள், மகள் சாயங்காலம் மோந்து பார்ப்பாள். இதையாவது ஒருத்தர் செய்தால் போதாதா என்று நான் கத்தினேன். வாடை முதலில் போனது. நகம் மெதுவாக அடியிலிருந்து நன்றாக முளைத்து வந்தது. முடி மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் ஆபீஸுக்கு இறங்கி வந்து, பாடம் படிக்க வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தான். "டாக்டர் கையெழுத்துப் போடலைன்னா நான் என்ன பண்றது?" என்று கேட்டான். நான் எப்போதும் போல ஏதாவது வெடுக்கென்று சொல்லியிருப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. போடுவார் என்று மட்டும் சொன்னேன்.

போட்டார். மறுபடியும் நாலு பேரும் போயிருந்தோம். அளவு நன்றாக இறங்கிவிட்டது, தாராளமாக வேலைக்குப் போகலாம் என்று சர்டிபிகேட்டை அவன் கையில் கொடுத்தார். அண்ணன் அதைப் பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் சர்டிபிகேட்டைப் போட்டோ எடுத்தாள். எழுந்துவிட்டோம்.

டாக்டர் அம்மா கம்ப்யூட்டரை மூடப் போனவர் நிறுத்தினார். "உங்க தங்கச்சியோட ரிசல்ட்டும் போன தடவையே வந்து கிடக்கு. யாரும் கேக்கவே இல்லையே?" என்றார்.

நானே மறந்துபோயிருந்தேன். குற்றவாளிகள் ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு எதற்குச் சாட்சி? சரி, என் சமையல் யோக்கியமானது என்று அதிலும் எழுதியிருக்கும், சத்தமாகப் படியுங்கள் என்றேன்.

"உங்களுக்கு ரொம்பக் கம்மியா இருக்கும்மா" என்றார்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். காலையில் ஆபீஸ் திறக்கிற அவசரத்தில் டீ. மத்தியானம் இவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டு, போன் வருமே என்று கீழே ஓடிவந்து டீயில் வெள்ளை ரொட்டி. இரவு பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அது. முட்டை நாற்றம் எனக்கு ஆகாது, மீன் சமைப்பதோடு சரி. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கே யாரோ வேறு ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. இத்தனை நாள் அந்த வீட்டில் செலினியம் ஆறாக ஓடியிருக்கிறது. என் பக்கம் ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும், சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றார் டாக்டர் அம்மா. மூன்று பேரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

காரில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அண்ணன் ஸ்டீயரிங் பக்கம். பின்னால் அம்மாவும் மகளும். அவன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. சர்டிபிகேட் அவன் மடியில் கிடந்தது.

"அப்பாவோட வயசை வச்சு நான் பயந்தேன், இவ பயந்தா, புள்ள பயந்தா" என்றான். "அவர் உனக்கும் அப்பாதானே. அது எனக்குத் தோணவே இல்ல. நீ எப்பவும் இருப்பேன்னு நினைச்சுட்டேன்."

வண்டியை எடு என்று சொன்னேன். அவன் எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுப்படிக்குப் போய் முட்டையை வேக வைத்தாள். பொங்கப்போகிற பாலைப் பார்க்கிற மாதிரி அந்தத் தண்ணீரை மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். இந்த முறை யாரும் தீயைக் குறைக்கவில்லை. உரித்து என் முன்னால் தட்டில் வைத்தார்கள். அப்புறம் சாப்பிடுகிறேன், ஆபீஸைத் திறக்க வேண்டும் என்று எழுந்தேன். இன்றைக்கு ஆபீஸ் பூட்டியே இருக்கட்டும் என்றான் அண்ணன். நான் வீட்டில் இருக்கிற பகலில் அந்தக் கதவு பூட்டிக் கிடந்ததே இல்லை.

எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மெதுவா சாப்பிடு. முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்."

சாப்பிட்டேன். நாற்றம் அடித்தது, கண்ணீர் வந்தது, சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். அண்ணி உப்புப் போட மறந்திருந்தாள். அதை நான் சொல்லவில்லை.